சுழற்காற்றைத் திருப்பிக் கொடுங்கள்

காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டார உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி நூலகப் பொறுப்பைப் பார்க்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் இந்தப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். நூலக வார விழாவுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்று வருடா வருடம் உங்கள் அறை வாசலில் வந்து நிற்பவள்தான். இந்தத் தடவை ஒரு புத்தகத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்திருக்கும். ஒரு மத்தியான நேரம், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நூலகத்துக்குள் வந்தார். கையில் உறுப்பினர் அட்டை. அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "எம் பொண்ணு பேரை அடிச்சிடுங்க" என்றார். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பாடப் புத்தகத்துக்கு அடியில் காதல் கதை வைத்துப் படிக்கிறாள் என்று சொன்னார்களாம். "லைப்ரரிதானேன்னு நம்பி அனுப்புனேன். இப்படிப்பட்ட புத்தகத்தையா குடுப்பீங்க?" என்று கேட்டபோது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அந்தக் காதல் கதை எது என்று நான் தேதிச் சீட்டைப் பார்க்காமலே சொல்வேன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்', இரண்டாம் பாகம், 'சுழற்காற்று'. அந்தப் பெண் முதல் பாகத்தை ஒன்பது நாளில் முடித்துவிட்டு இரண்டாவதை எடுத்துப் போனவள். புத்தகம் பறிபோவதற்கு முந்தின சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்து, "அக்கா, கடல்ல புயல்! கப்பல் தீப்பிடிச்சிடுச்சு!" என்று கத்திவிட்டு ஓடினாள். அதற்கு மேல் என்ன ஆனது என்று அவளுக்கு இன்றைக்கு வரை தெரியாது. புத்தகம் பள்ளியில் ஏதோ ஒரு மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது.

எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று எழுதப் போவதில்லை. வகுப்பு நடக்கும்போது வேறு புத்தகம் படித்தால் வாங்கி வைப்பது ஆசிரியரின் உரிமை. அதில் எனக்குச் சண்டை இல்லை. எனக்கு மனசு கேட்காதது அந்தத் தாயிடம் சொல்லப்பட்ட வார்த்தைதான். காதல் கதை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் வாசிப்பு நின்றுபோயிருக்கிறது. அதனால் அந்த வார்த்தையைப் பற்றியே பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆமாம், அது காதல் கதைதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. "அது வரலாற்று நாவல், நல்ல தமிழ், பொது அறிவு வளரும்" என்றெல்லாம் சொல்லி அந்தத் தாயைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அது பாதி உண்மையாகப் போயிருக்கும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சரித்திர நாவலைத் தேடி வருவதற்கு முதல் காரணம் காதல். இதை நான் என் மேஜையிலிருந்து தினமும் பார்க்கிறேன். சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் வருவார்கள். ஒருத்தி அலமாரியில் தேடுவாள், மற்ற இரண்டு பேர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பொன்னியின் செல்வனில் படகுக்காரப் பெண் பூங்குழலி வரும் பக்கத்தை எடுத்து ஒருத்திக்கு ஒருத்தி வாசித்துக் காட்டுவார்கள். நான் நிமிர்ந்து பார்த்தால் சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் இருக்கும் கூச்சம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான், அந்த வயதைத் தாண்டித்தானே வந்திருக்கிறோம்.

அந்த வயதில் மனசுக்குள் என்னவோ நடக்கிறது. அதற்குப் பெயர் தெரியாது. வீட்டில் கேட்க முடியாது. உங்கள் வகுப்பறையில் அதற்கு இடமில்லை. கையில் போன் கிடைத்தால் அது ஒரு விதமான பதிலைக் கொடுக்கும். அது எப்படிப்பட்ட பதில் என்று ஆசிரியர்களாகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணின் பின்னாலேயே சுற்றுவதைக் காதல் என்று காட்டும் சினிமாக் காட்சிகளை முப்பது விநாடித் துண்டுகளாக நாள் முழுக்கப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள்.

அதே பிள்ளை இந்த நாவலில் என்ன பார்க்கிறாள்? சோழ இளவரசி குந்தவையும் வாணர் குலத்து வீரன் வந்தியத்தேவனும் முதலில் சந்திப்பது குடந்தை ஜோதிடர் வீட்டில். அதற்கு அப்புறம் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற பக்கங்களே கொஞ்சம். அவள் ஒரு வேலை கொடுக்கிறாள், அவன் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஈழம் வரை போகிறான். அவன் மேல் அவள் வைக்கிற நம்பிக்கைதான் அங்கே காதல். யாரும் யாரையும் துரத்தவில்லை. முடிவெடுக்கிறவள் அவள். கல்யாணம் செய்துகொண்டு சோழ நாட்டை விட்டுப் போக மாட்டேன் என்று நினைக்கிற இளவரசி. கோடிக்கரையில் இராத்திரி நேரத்தில் தனியாகப் படகு வலிக்கும் பூங்குழலி, சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட வந்தியத்தேவனைத் தன் கையால் இழுத்துக் கரையேற்றுகிறாள். காப்பாற்றுகிறவள் பெண், காப்பாற்றப்படுகிறவன் வாட்டசாட்டமான வீரன். நம் பெண் பிள்ளைகள் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். எங்கள் நூலகத்துப் பிரதியில் அந்த அத்தியாயத்துத் தாள்கள் மட்டும் ஓரம் மழுங்கி, துணி போல ஆகியிருக்கின்றன.

கல்கியின் இன்னொரு நாவல் 'சிவகாமியின் சபதம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் காதல் ஜெயிக்கவே இல்லை. வாதாபியில் சிறைப்பட்ட ஆடற்பெண் சிவகாமி, அந்த ஊரை அழித்த பிறகுதான் வருவேன் என்று சபதம் போடுகிறாள். பல்லவ அரசன் நரசிம்மவர்மன் வாதாபியை அழித்து அவளை மீட்டுக்கொண்டு வருகிறான். ஆனால் அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன, அவனுக்குக் குடும்பம் ஆகிவிட்டது. சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை ஒப்படைத்துக்கொண்டு ஆடுகிறாள். கடைசிப் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பதினோராம் வகுப்புப் பெண், "அவ அந்தச் சபதத்தைப் போடாம இருந்திருக்கலாம்ல அக்கா?" என்று கேட்டாள். கோபத்தில் சொன்ன ஒரு சொல், அதைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான உயிர், கடைசியில் கை நிறைய வெறுமை. இதைப் பற்றி அரை மணி நேரம் என்னோடு நின்றுகொண்டே பேசினாள். பதினாறு வயதுப் பிள்ளை ஆசையையும் கோபத்தையும் அவற்றின் விலையையும் சேர்த்து யோசிக்கிறாள். வேறு எந்தப் புத்தகத்தைக் கொடுத்து இதைப் பேச வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாயின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. நம் மாவட்டத்தில் காதலித்ததற்காகவே பிள்ளைகள் உயிரை இழந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு தாய்க்கு வயிறு கலங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அவர் பயப்படும்போது அந்தப் பயத்தைக் கூட்டாதீர்கள். ஆயிரம் வருடம் தள்ளி நடக்கிற ஒரு கதையில், ராஜகுமாரிக்கும் வாணர் குலத்து இளைஞனுக்கும் நடுவில் வைத்து ஒரு பிள்ளை அந்த உணர்ச்சியைப் பார்த்துப் பழகுவது நல்லது. வகுப்பில் யார் பெயரோடும் அது ஒட்டாது. அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பயமில்லாமல் யோசிக்கலாம்.

இந்த நாவல்கள் எப்படி எழுதப்பட்டன என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் கடைசியில் கல்கி இதழில் ஆரம்பித்து 1954 மே வரை வாராவாரம் வந்தது. மூன்றரை வருடம். பத்திரிகை வீட்டுக்கு வரும், தாத்தா படிப்பார், அப்பா படிப்பார், அடுப்படி வேலை முடிந்ததும் அம்மா படிப்பார், பள்ளிக்கூடப் பிள்ளையும் படிக்கும். குடும்பத்தில் எல்லோர் கையிலும் போகப் போகிற காகிதம் என்று தெரிந்துதான் கல்கி ஒவ்வொரு வரியும் எழுதினார். அதனால் அதில் வருகிற காதலை ஒரு பெண் பிள்ளை அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து படிக்கலாம். தமிழில் பதின்ம வயதுக்கென்றே எழுதப்படுகிற புத்தகங்கள் மிகக் கொஞ்சம். படக்கதையும் நீதிக்கதையும் போதாமல் போய், பெரியவர்கள் படிக்கிற நாவல் இன்னும் எட்டாமல் இருக்கிற அந்த நாலைந்து வருடத்துக்கு, யாரும் திட்டம் போடாமலே இந்தத் தொடர்கதைகள் பாலமாக வந்து விழுந்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கல்கி இதழில் அந்தக் கதை மறுபடி தொடராக வந்தபோது என் அம்மா வாரா வாரம் தாளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது அதை எடுத்தேன். நடுவில் ஓர் அத்தியாயம் இல்லை, யாரோ இரவல் வாங்கிய வீட்டில் தொலைந்துவிட்டது. அம்மா வடகம் பிழிந்துகொண்டே அந்த அத்தியாயத்தை எனக்கு வாயால் சொன்னார். ரொம்ப வருடம் கழித்து அச்சுப் புத்தகத்தில் அதே அத்தியாயத்தைப் படித்தேன். அம்மா சொன்ன பாதி அதில் இல்லவே இல்லை. குந்தவையின் தோழி வானதியை நிறையப் பேச விட்டிருந்தார் அம்மா. புத்தகத்தில் அவள் அங்கே அவ்வளவு பேசவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன என் அம்மாவுக்குள் ஒரு வானதி இருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வானதியின் பேச்சை இப்போது படித்தாலும் எனக்கு அம்மாவின் குரலில்தான் கேட்கிறது.

வாராவாரம் வந்த கதை என்பதால் இன்னொரு பலன். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவுக்கு முன்னால் கொண்டு நிறுத்திவிட்டுத்தான் முடியும். அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டுமே. இன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் அந்தக் கொக்கி அப்படியே இருக்கிறது. உங்கள் மாணவன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு, எங்களிடம் வருகிறான். முதலில் வந்தபோது வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தான். அண்ணன் 2022-ல் படம் பார்க்கக் கூட்டிப் போனதால், அந்தக் குதிரைக்காரன் வருகிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வந்தவன். முதல் பத்துப் பக்கத்துக்கு நாலு நாள் ஆனது. கடம்பூர் மாளிகையில் நடுராத்திரி சதியாலோசனை வருகிற இடத்தில் விரலை எடுத்துவிட்டான். எடுத்ததை அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறான். அவனுக்கு மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஐந்து பாகம் கொண்ட ஒரு கதையைக் கையில் எடுத்து, பாதி தூரம் வந்துவிட்ட பிள்ளை அவன். பத்து நிமிடம் ஒரு பக்கத்தில் கண் நிற்க மாட்டேன் என்கிறது என்று நீங்களே பெற்றோர் கூட்டத்தில் குறைப்படுகிற அதே பிள்ளைகளில் ஒருவன்.

அப்புறம் ஊர். இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த நாவல் ஆரம்பிப்பதே நம் வீராணம் ஏரிக்கரையில்தான். ஆடிப் பதினெட்டு, வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிறான், ஏரிக்கு வீரநாராயண ஏரி என்று பெயர், வழிநெடுக எழுபத்து நான்கு கணவாய்களில் தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, ஏரி நாற்பத்தேழரை அடியைத் தொட்டதா என்று வருடா வருடம் பேசிக்கொள்கிற ஊர்க்காரர்கள் நாம். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற அந்த ஏரி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டி அவன் விருதுப் பெயரையே வைத்த ஏரி. அது ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? போன ஆடியில் ஆறேழு பிள்ளைகள் சைக்கிளில் கிளம்பிக் கரை மேலேயே போய் மதகுகளை எண்ணிவிட்டு வந்தார்கள். எழுபத்து நான்கு வரவில்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை. அதுக்கே ஒரு மணி நேரம் நூலகத்தில் தகராறு. கல்கி எங்கிருந்து அந்த எண்ணை எடுத்தார், இடையில் ஏரி எவ்வளவு தூர்ந்தது, எது மதகு எது கலிங்கு என்று கேள்வி மேல் கேள்வி. தகராறு முடிவதற்குள் விளக்கே போட்டுவிட்டேன்.

அதே பிள்ளைகளைக் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலுக்கும் கூட்டிப் போனேன். உடையார்குடிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. கல்லில் இருக்கும் எழுத்தைப் படிக்க எனக்கும் வராது. அச்சான பாடத்தை எடுத்துப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்று வாசித்தோம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர்கள் வருகின்றன: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். ரவிதாசன் என்ற பெயரைக் கேட்டதும் ஒருவன் துள்ளிவிட்டான். நாவலில் காட்டுக்குள் மந்திரவாதி வேஷத்தில் திரிகிற ஆள். கல்வெட்டில் அவன் பட்டம் பெற்ற அதிகாரி. அவர்களுடைய நிலத்தையும் உடைமையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த உத்தரவு அது. இந்தத் துரோகி பிரமாதிராஜன்னு பட்டம் வாங்கினவன்னா, பட்டம் கொடுத்தது யார்? கொலை நடந்தது ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்குப் பல வருடம் முன்னால், நடுவில் உத்தம சோழன் ஆண்டுவிட்டுப் போயிருக்கிறான், அதுவரைக்கும் இவர்களை ஏன் ஒன்றும் செய்யவில்லை? இந்தக் கேள்விகளை நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கிற உங்கள் மாணவர்கள் கேட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிற கேள்விகள் அவை.

காதலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அந்தச் சுவர் வரை வந்தார்கள். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் நிஜமாகவே கல்யாணம் ஆனதா என்று கேட்காத பெண் பிள்ளை ஒருத்தி கூடக் கிடையாது. ஆனது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்றே வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணச் செய்தி மாதிரி. அதோடு அந்தக் கோயிலுக்கு நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும் என்று ராஜராஜன் சொன்னதைச் சொல்வேன். தன் கொடைக்கு அடுத்த இடத்தில் அக்காவின் கொடை. தம்பி உள்ள பெண்கள் எல்லோரும் அந்த வரியை எழுதிக்கொண்டு போகிறார்கள்.

நந்தினி கற்பனை, பூங்குழலி கற்பனை, சிவகாமி கற்பனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகம் வாடிப்போகும். பரவாயில்லை. எங்கே கல்வெட்டு முடிகிறது, எங்கே கதாசிரியர் ஆரம்பிக்கிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது பெரிய படிப்பு. சிவகாமிக்காக அழுத பெண்ணிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடுகிற பெண்களை, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டு வந்து குடியமர்த்தினான். அந்த நானூறு பேரின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதும், தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். கற்பனைச் சிவகாமி ஒருத்தி, கல்லில் நிஜமாக நானூறு ஆடற்பெண்கள். அவர்கள் ஊரை விட்டு வர ஆசைப்பட்டார்களா என்று கல்வெட்டில் இல்லை. அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

குறைகளும் உண்டு, அதை நான் மூடி மறைக்கவில்லை. இன்னொரு சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடல் புறா'வில் கடலும் கப்பலும் சண்டையும் அப்படி ஒரு வேகத்தில் வரும். அதன் நாயகன் கருணாகரத் தொண்டைமான், நீங்கள் பாடத்தில் நடத்துகிற கலிங்கத்துப்பரணியின் அதே படைத்தலைவன். ஆனால் பெண்ணை வர்ணிக்க ஆரம்பித்தால் கதை நின்றுபோகிறது, அவளுக்கு உடம்பைத் தவிர வேறு எதுவும் இல்லாதது போல ஆகிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் கொஞ்சம் பொறு என்பேன். பதினோராம் வகுப்புக்கு மேல் கேட்டால் கொடுப்பேன், படித்த பிறகு அதைப் பற்றிப் பேசவும் செய்வேன். ஒளித்து வைத்தால் வேறு எங்காவது எடுத்துப் படிப்பார்கள், பேச ஆள் இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இந்த நாவல்களில் அரண்மனை இருக்கிறது, உப்பரிகை இருக்கிறது, நிலவறை இருக்கிறது. ஏரி வெட்டியவன் எங்கே, வயலில் நின்றவள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதே பெரிய கோயில் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி, பறைச்சேரி என்ற பெயர்களும் இருக்கின்றன. நாவல் அந்தப் பக்கம் போகவில்லை. அதோடு நம் ஊரில் எந்த அரசன் எந்தச் சாதி என்று ஃபிளெக்ஸ் வைத்து அடித்துக்கொள்கிறார்கள், பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாவலைப் படித்துவிட்டு ஒரு பையன் "நாங்கதான் சோழர்" என்று சொன்னால் அங்கே ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார். நூலகராகிய என்னால் புத்தகத்தைக் கொடுக்க முடியும், நாலு வார்த்தை பேச முடியும். முழு வகுப்பையும் உட்கார வைத்து இதைப் பேச உங்களால்தான் முடியும். புத்தகத்தை இழுப்பறையில் பூட்டிவிட்டால் அந்தப் பேச்சும் அதோடு பூட்டப்படுகிறது.

இந்த வகை எழுத்து தரக்குறைவானது என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், ஒன்றிரண்டு தகவல் சொல்கிறேன். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் 'மோகனாங்கி' 1895-ல் வந்தது, எழுதியவர் திருகோணமலைக்காரரான சரவணமுத்துப் பிள்ளை. ராஜேந்திர சோழனை வைத்து அகிலன் எழுதிய 'வேங்கையின் மைந்த'னுக்கு 1963-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. காதல் இல்லாமல் இவற்றில் எதுவும் இல்லை.

சரி, நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். உங்கள் பள்ளிகளில் புத்தகம் இல்லாமல் இல்லை. தலைமை ஆசிரியர் அறையில் ஒரு பீரோ, அதற்குள் வருடா வருடம் வந்து சேர்ந்த புத்தகங்கள், சாவி ஒரு கொத்தில். நான் போன பள்ளிகளில் ஒன்றில் நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருந்தது, அந்த நேரத்தில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. கணக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாரத்தில் அந்த ஒரே ஒரு மணி நேரத்தையாவது அதற்கே விட்டுவிடுங்கள். பீரோவைத் திறந்து புத்தகத்தை மேஜையில் பரப்புங்கள். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் வைக்கட்டும். கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கும் உண்டு, வருடக் கணக்கெடுப்பின்போது எனக்கும் தூக்கம் வராது. கிழிந்த புத்தகத்தை என்னிடம் அனுப்புங்கள், பசையும் காடாத் துணியும் வைத்திருக்கிறேன், ஒட்டித் தருகிறேன். கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன, இணையத்தில் மதுரைத் திட்டத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. பள்ளிக்கு ஒரு தொகுதி என்பது பெரிய செலவு இல்லை. முடியாத பள்ளி என்னைக் கேளுங்கள், ஊரில் யாராவது ஒரு புரவலரைப் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

அடுத்த ஆடியில் ஒரு வகுப்பையாவது ஏரிக்கரைக்கும் அனந்தீசுவரர் கோயிலுக்கும் அனுப்புங்கள். நானும் வருகிறேன். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நல்லது, அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை. புளிசாதமும் தயிர்சாதமும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயம். அவள் அம்மா அட்டையை வைத்துவிட்டுப் போனார் என்றேனே, பெயரை நான் அடிக்கவில்லை. அட்டை என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் யாராக இருந்தாலும், அந்த அம்மாவை ஒரு முறை கூப்பிட்டு, உங்கள் பிள்ளை தப்பான புத்தகம் எதையும் படிக்கவில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் நம்பவில்லை. பள்ளிக்கூடம் சொன்னால் நம்புவார். நம் ஊரில் ஆசிரியர் சொல்லுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

தேர்வு முடியட்டும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரி, காத்திருக்கிறேன். தாமதக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். புத்தகத்தை மட்டும் என்னிடம் அனுப்பாமல் அவள் கையிலேயே கொடுங்கள். புயலில் அந்தக் கப்பல் எரிகிற பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாக இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். மூன்றாம் பாகத்துக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டேன், அவளுக்கு அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பகுதிக் கிளை நூலகர்